ஒருமுறை நான், இருமுறை அவர்கள்

பிரபந்த வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "நாலாயிரமும் மனப்பாடமா?" என்றுதான். இல்லை. முதலாயிரம் ஆகியிருக்கிறது, இயற்பாவில் கொஞ்சம், திருவாய்மொழியில் சில பத்துகள். ஆனால் மனப்பாடம் வேறு, சந்தை சொல்வது வேறு. நமக்குத் தெரிந்த பாசுரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயில் பிசகில்லாமல் ஏற்றி வைப்பது தனித் தொழில். அந்தத் தொழிலைப் பூந்தமல்லியில் ஒரு பெரியவரிடம் பழகினேன், இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடும் ஊர்கள் நிறைய இருக்கின்றன. சொல்லிக்கொடுக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஒருவர் கிடைத்தார்.

சந்தையின் முறை கேட்க எளிது. ஆசிரியர் ஒரு துண்டை ஒருமுறை சொல்வார். பிள்ளைகள் அதையே இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் அரையடி, அப்புறம் முழு அடி, அப்புறம் இரண்டிரண்டு அடியாக, கடைசியில் முழுப் பாசுரம். வாயில் நின்ற பிறகுதான் அடுத்தது. முதலில் தனியன், பிறகு திருப்பல்லாண்டின் 12 பாசுரங்கள். எங்கள் வகுப்பு அங்கிருந்துதான் தொடங்கும். வகுப்பு நடப்பது கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு முன்கூடத்தில். கரையான்சாவடி, சென்னீர்குப்பம், காடுவெட்டி, கொஞ்சம் தள்ளித் திருமழிசை என்று பல இடங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் தினமும் பெருமாள் தளிகை நடக்கும் குடும்பத்துப் பிள்ளையும் உண்டு, நாமம் எப்படி இட்டுக்கொள்வது என்று முதல் நாள் கேட்ட பிள்ளையும் உண்டு.

சொல்லிக்கொடுத்த பெரியவரை நாங்கள் எல்லோரும் ஸ்வாமி என்றே அழைப்போம். ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் வழியெல்லாம் பாசுரம் சொல்லிக்கொண்டே வருவாராம். யாரிடமும் காசு வாங்கியதில்லை. பிள்ளைகளைத் திட்டியும் நான் கேட்டதில்லை.

நான் போய், "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை ஸ்வாமி" என்று சேவித்து நின்றபோது, அவர் என்னைச் சொல்லச் சொல்லிச் சோதிக்கவில்லை. "பாயை விரி. வர்ற பசங்க பேரை எழுதிக்கோ. அப்புறம் கடைசி வரிசையில உக்காந்து கேளு" என்றார். வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை கூட நடப்பேன். அப்போது கேட்பார்: மூணாவது பாசுரத்தில் எந்தப் பிள்ளை எங்கே தடுக்கினான்? நீலச் சட்டைப் பையன் எந்தச் சொல்லை விழுங்கினான்? ஆரம்பத்தில் எனக்குப் பொத்தாம்பொதுவாக ஒரு இரைச்சல்தான் காதில் விழும். மெல்ல மெல்லக் குரல்கள் பிரிந்தன. முன்வரிசைப் பெண்ணுக்கு ழகரம் வருகிறது, ஆனால் அவசரத்தில் லகரமாகிறது. ஓரத்தில் இருப்பவன் வாயை அசைக்கிறானே தவிரச் சத்தம் இல்லை. இரட்டையர் இருவரில் ஒருவன் சொல்வதை மற்றவன் அரை நொடி பின்னால் பிடித்துக்கொள்கிறான்.

அப்போதுதான் அவர் அந்தத் தொழிலின் முக்கியமான சூட்சுமத்தைச் சொன்னார். "முதல் தடவை அவா சொல்றது உன் குரலோட எதிரொலி. ரெண்டாம் தடவை சொல்றதுதான் அவா பிடிச்சுண்டது. அங்க காதை வை." சந்தையில் இருமுறை என்று வைத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. முதல் தடவையில் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டாவது தடவை சொல்லும்போது ஒரு சொல் உருகி இன்னொரு சொல்லாகும், நெடில் குறுகும், மூச்சு போகக்கூடாத இடத்தில் போகும். அதனால் பிள்ளைகள் சொல்லும்போது ஆசிரியர் வாயை மூடியிருக்க வேண்டும். கேட்க இது சாதாரணம்தான், செய்துபார்த்தால் தெரியும். கூடவே சொல்லி இழுத்துச் செல்லத்தான் வாய் துடிக்கும். கூடவே சொன்னால் வகுப்பு கம்பீரமாகக் கேட்கும், தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். பிள்ளைக்கு என்ன வந்தது என்பது மட்டும் தெரியாமல் போகும்.

பாய் விரிக்கச் சொன்னாரே, அதற்கு இந்த ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. திருக்கச்சி நம்பி பிறந்தது பூந்தமல்லியில். மாசி மிருகசீரிடம் அவருடைய திருநட்சத்திரம். இங்கே வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சந்நிதி இருக்கிறது. காஞ்சி வரதருக்குத் திருவாலவட்டம் வீசியவர், வரதரோடு பேசும் பேறு பெற்றவர் என்று குருபரம்பரை சொல்கிறது. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமாநுஜர், யாதவப் பிரகாசரிடம் படித்த படிப்பு ஒத்துவராமல் காஞ்சியில் நின்ற காலத்தில் நாடி வந்தது இந்த நம்பியைத்தான். வேதாந்தத்தில் குருவையே மடக்கிய இளைஞர் அவர். அப்படிப்பட்டவருக்கு நம்பி முதலில் கொடுத்தது ஒரு குடம். சாலைக் கிணற்றிலிருந்து தினமும் தீர்த்தம் எடுத்து வந்து வரதருக்குச் சேர்க்கச் சொன்னார். ஸ்ரீபாஷ்யம் எழுதப்போகிற கை கொஞ்ச காலம் தண்ணீர் சுமந்தது.

நம்பி செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. ராமாநுஜர் மனத்தில் சில சந்தேகங்கள் இருந்தன. நம்பி தன் சொந்த அபிப்பிராயத்தை எடுத்து விடவில்லை. வரதரிடம் கேட்டு வந்து சொன்னார். அவைதான் ஆறு வார்த்தைகள் என்று சம்பிரதாயத்தில் போற்றப்படுபவை. ஆறாவது, பெரிய நம்பியைப் போய் ஆசிரயிக்க வேண்டும் என்பது. அதாவது, தன்னையே குருவாகக் கொள்ளத் துடித்த இளைஞரை நம்பி இன்னொரு ஆசாரியரிடம் அனுப்பிவைத்தார். ராமாநுஜர் புறப்பட்டுப் போய் மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்தார்.

இந்தக் கதையில் சாதியும் இருக்கிறது. நம்பி வைசியர் என்பதால் ராமாநுஜருக்குக் குருவாக இருக்கத் தயங்கினார். நம்பி உண்ட சேஷத்தை உண்ண விரும்பி ராமாநுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். அவர் வந்து உண்டு போனதும், ராமாநுஜரின் மனைவி அந்த இடத்தைக் கழுவிவிட்டார். அதில் ராமாநுஜர் மனம் நொந்தார். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாமா என்று கேட்டேன். "தாண்டாதே. நம்ம வகுப்புல எல்லாத் தெருப் பசங்களும் உக்காந்திருக்கா. ராமாநுஜர் யாரோட எச்சிலை ஆசைப்பட்டார்னு அவாளுக்குத் தெரியணும்" என்றார் ஸ்வாமி. அன்று முதல் அந்தக் கதையை முழுசாகத்தான் சொல்கிறேன்.

புத்தகம் பற்றியும் அவருக்குத் திடமான கருத்து உண்டு. திருப்பல்லாண்டு முடியும் வரை பிள்ளைகள் கையில் புத்தகம் கூடாது. காது முதலில், கண் பிறகு. பெற்றோருக்கு இது பிடிப்பதில்லை. ஆங்கில மீடியம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தில் பாசுரத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும், குறிலும் நெடிலும் கலந்துவிடும். இன்னொரு பக்கம் செல்போன். திருப்பாவையை அரியக்குடி ராமாநுஜ அய்யங்கார் ராகங்களில் அமைத்தார், எம்.எல்.வசந்தகுமாரி குரலில் அது வீடு வீடாகப் போனது. அது பெரிய கொடை. ஆனால் அதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, கோஷ்டியில் சேவிக்கும்போதும் ராகத்தை இழுக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள், இது முந்தைய அடியின் கார்வையில் நிற்கும். ஸ்வாமி அந்தப் பிள்ளையைத் திருத்தும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் அந்த ராகத்திலேயே முழுப் பாசுரத்தையும் பாடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்பார். "ரொம்ப நன்னா இருக்கு. இது பாட்டு. இப்போ கோஷ்டியில எப்படிச் சொல்றதுன்னு பாப்போமா?" என்பார். பிள்ளை தான் கொண்டுவந்ததை இழக்காமல் புதியதைக் கற்றுக்கொள்ளும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட யூத ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப் படித்தேன். எங்கள் கூடத்துக்கும் அவர்கள் கூடத்துக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அவர்கள் ஆலயத்தில் படிக்கும் தோரா சுருளில் மெய்யெழுத்துகள்தான் இருக்கும். உயிர்க்குறிகளும் கிடையாது, எந்த இடத்தில் எந்த இசையில் படிப்பது என்ற குறியும் கிடையாது. அதெல்லாம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு வர வேண்டும். படிப்பவர் தவறினால் பக்கத்தில் நிற்பவர்கள் அங்கேயே எடுத்துக்கொடுப்பார்கள். அவர்களுடைய தல்மூதில் ஒரு செய்தி இருக்கிறது. ஆதியில் தகப்பன்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பானாம். தகப்பன் இல்லாத பிள்ளை படிக்காமல் போனது. யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஊருக்கு ஊர் ஆசிரியர்களை வைத்து, ஆறேழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். ஒரு ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 50 ஆனால் இரண்டு ஆசிரியர். 40 ஆனால் ஒரு உதவி ஆசிரியர், அவருக்கான செலவை ஊர் ஏற்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஸ்வாமியிடம் சொன்னேன். அவர் அந்த 40 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட லீவு விட்டால் எங்கள் கூடமும் நிரம்பி வழியும். கோடையில் அவர் இரண்டாகப் பிரித்துச் சின்னப் பிள்ளைகளை என்னிடம் விட்டது அதன் பிறகுதான்.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் கதை இன்னும் உருக்கமானது. செக்கு ஆட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமை ஓய்வை விடவில்லை, ஒரு முக்கியமான பிரார்த்தனையை விடவில்லை, மற்றவை பெரும்பாலும் மறந்துபோயின. தாவீது ரஹாபி என்பவர் வந்து அவர்களை அடையாளம் கண்டு, மூன்று இளைஞர்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, அவர்களையே மற்றவர்களுக்கு ஆசிரியர்களாக விட்டுச் சென்றார் என்பது அவர்கள் மரபு. பின்னால் 19-ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்களிலிருந்து ஆசிரியர்கள் பம்பாய்க்குப் போனார்கள். மறந்துபோன ஒரு கூட்டத்துக்கு நினைவைத் திருப்பிக் கொடுக்க மூன்று இளைஞர்களும் அவர்களைத் தயார்செய்ய ஒருவரும் போதுமாக இருந்தது.

நமக்கும் அப்படி ஒரு மறதி இருந்திருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் காதில் ஆராவமுதே என்று தொடங்கும் பத்து விழுந்தது. சேவித்தவர்களிடம் மிச்சத்தைக் கேட்டார். கடைசிப் பாசுரத்தில் ஆயிரத்தில் இது ஒரு பத்து என்ற குறிப்பு இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு அந்தப் பத்துதான் தெரியும். நாதமுனிகள் திருக்குருகூர் போய், மதுரகவிகளின் கண்ணிநுண் சிறுத்தாம்பை 12,000 முறை சேவித்து, நாலாயிரத்தையும் நம்மாழ்வாரிடமிருந்து பெற்றார். பெற்றதும் அவர் செய்தது, தன் மருமக்கள் இருவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. மேலையகத்தாழ்வானும் கீழையகத்தாழ்வானும் அப்படித்தான் வந்தார்கள். நாலாயிரம் கிடைத்ததை எல்லோரும் கொண்டாடுகிறோம். அந்த இருவரும் உட்கார்ந்து சந்தை கேட்ட நாட்களை நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

வகுப்பை முழுசாக என்னிடம் கொடுத்த அன்று ஸ்வாமி ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, போய்ப் பிள்ளைகள் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கவனிப்பார் என்று நினைத்திருந்தேன். நான் அரையடி சொன்னேன். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் இருமுறை சொன்னார். நான் விட்ட இடத்தில் மூச்சு விட்டார், நான் நீட்டிய அளவே நீட்டினார். அவர் குரல் ஓங்கவில்லை, பிள்ளைகள் குரலுக்குக் கீழேயே இருந்தது. எண்பதை நெருங்கும் அந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்து, தனக்கு அறுபது வருஷமாகத் தெரிந்த திருப்பல்லாண்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த சின்னவன் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்தான். தாத்தாவே திருப்பிச் சொல்கிறார் என்றால் இந்த அண்ணன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. இளைய ஆசிரியனுக்கு மூத்தவர் தரக்கூடிய தைரியத்தில் இதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதுகில் தட்டிக்கொடுப்பதும் சபையில் புகழ்வதும் இதற்கு ஈடாகாது.

பிள்ளைகள் எதிரில் அவர் என்னைத் திருத்தியதே இல்லை. எல்லாம் பஸ் ஸ்டாண்டு நடையில்தான். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு விஷயம். "இன்னிக்கு நாலாம் பாசுரம் கொஞ்சம் வேகம்" என்று சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு முன் நன்றாக அமைந்த ஒன்றை எடுத்துச் சொல்லியிருப்பார், அதுவும் மேம்போக்காக இருக்காது. எந்தப் பிள்ளையிடம், எந்த அடியில், நான் எப்படிக் காத்திருந்தேன் என்று இடம் சுட்டுவார்.

பேச்சுத் திக்கும் பையன் ஒருவன் வந்து சேர்ந்தபோது அவர் முன்கூட்டியே என்னிடம் சொன்னார்: "அவனைத் தனியாச் சொல்லுன்னு கேக்காதே. அவனே கேப்பான், அதுவரைக்கும் பொறு." கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது அவனுக்குத் திக்கவே இல்லை. பலர் ஒரே சமயத்தில் ஒன்றையே சொல்லும்போது திக்குவாய் பெரும்பாலும் விலகிவிடும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர்களும் அறிவார்கள். ஸ்வாமிக்கு அது கோஷ்டியில் இருந்தே தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கப் பயந்தவன் எங்கள் கூடத்தில் உரக்கச் சொல்வான். அவன் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். பிறகு ஒருநாள் அவனே, அண்ணா, நானும் தம்பியும் சேர்ந்து சொல்லட்டுமா என்றான். இருவர் சொன்னார்கள். இப்போதும் துணையோடுதான் சொல்கிறான், அது போதும்.

கேள்வி கேட்கும் பிள்ளைகள் வேறு ரகம். ஒரு பெண் திருப்பல்லாண்டின் பொருள் சொன்னதும் கேட்டாள்: "சாமிக்கு வயசே கிடையாதுன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு நிறைய வருஷம் நல்லா இருக்கணும்னு நாம வாழ்த்தணும்?" வியாக்கியானக்காரர்கள் விரிவாக எடுத்துப் பேசிய கேள்வி அது, எட்டு வயதில் அவளுக்குத் தானாக வந்திருக்கிறது. ஸ்வாமி பழக்கியிருந்தபடி, "நல்ல கேள்வி. கேட்டுண்டு வந்து சொல்றேன்" என்றேன். பதில் தெரிந்தாலும் சில கேள்விகளை ஒரு வாரம் சுமந்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பார் அவர். கேள்விக்கு மரியாதை கொடுத்தால் பிள்ளை இன்னொரு கேள்வியோடு வரும். அடுத்த வாரம் அவளிடம், உன் பாட்டி உனக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவாரா என்று கேட்டேன். போடுவார் என்றாள். நீ பலசாலியாக இருந்தாலும் போடுவார் இல்லையா? அன்பு அதிகமானால் எதிரில் இருப்பவரின் பலம் மறந்துபோய், அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வந்துவிடும். பெரியாழ்வாருக்குப் பெருமாள் மேல் வந்தது அந்தப் பயம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்போ பெரியாழ்வார் பாட்டி மாதிரியா என்றாள். ஆமாம் என்றேன்.

திருவாய்மொழி பக்கம் வந்ததும் ஸ்வாமி கையை விரித்துவிட்டார். "என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான். திருவல்லிக்கேணியில ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போ" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். ஞாயிறு காலையில் அம்பத்தூரில் ரயில் ஏறி அங்கே போய் நான் பிள்ளையாக உட்கார்கிறேன், சாயங்காலம் பூந்தமல்லிக்கு வந்து சந்தை சொல்கிறேன். காலையில் இருமுறை சொல்லும் வாய், மாலையில் ஒருமுறை சொல்கிறது. ஒரே நாளில் இரண்டு பக்கமும் உட்காருவதால், பிள்ளைக்கு எங்கே மூச்சு முட்டும் என்பது எனக்கு மறப்பதில்லை. சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகும் எங்காவது மாணவனாக இருப்பது நல்லது என்று இளம் ஆசிரியர்கள் யார் கேட்டாலும் சொல்வேன்.

கார்த்திகைக்குப் பிறகு அனத்யயன காலம். மார்கழித் திருப்பாவை நீங்கலாக, தை ஹஸ்தம் வரை வீடுகளில் பிரபந்தம் சேவிக்கும் வழக்கம் இல்லை, ஆகவே புதிய சந்தையும் இல்லை. முன்பெல்லாம் வகுப்புகள் அந்த நாட்களில் கலைந்துபோகும், பாதிப் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள். ஸ்வாமி அந்த மாதங்களைக் கதைக்கும் உபதேசரத்தினமாலைக்கும் ஒதுக்கினார். பிள்ளைகளை ஒருமுறை திருமழிசைக்கு அழைத்துப் போய், திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர் நம் வீட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று காட்டினோம். கணிகண்ணன் கதையை அங்கே ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் வைத்துச் சொன்னேன். சிஷ்யனை ராஜா ஊரைவிட்டுப் போகச் சொன்னதும் ஆழ்வாரும் கூடப் புறப்பட்டார், பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார் என்ற இடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இந்த வருஷம் ஸ்வாமிக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியவில்லை, வகுப்புக்கு மாதம் ஒருமுறைதான் வருகிறார். சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் சேர்ந்திருக்கிறாள். எங்கள் வகுப்பிலேயே படித்தவள்தான், குரல் சுத்தம். இப்போது பேர் எழுதுவதும் பாய் விரிப்பதும் கடைசி வரிசையில் இருந்து கேட்பதும் அவள் வேலை. வகுப்பு முடிந்ததும் அவளிடம் கேட்கிறேன், எந்தப் பிள்ளை எங்கே தடுக்கினான் என்று. போன வாரம் நான் கவனிக்காத ஒன்றை அவள் பிடித்துச் சொன்னாள். தை ஹஸ்தம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணிநுண் சிறுத்தாம்பு தொடங்கப் போகிறோம், 11 பாசுரம். அவளே சொல்லட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நான் பிள்ளைகள் வரிசையில் உட்காருவேன்.